கருப்பையாவின் முந்நூற்றுப் பன்னிரண்டு சம்சாரங்கள்

டங் என்றது. இது வேறு டங். பிரிண்டரில் தாள் தீர்ந்தால் வருவது டம்ளரில் ஸ்பூன் பட்ட மாதிரி இருக்கும், பாஸ்வேர்டு தப்பினால் தும்மலை அடக்கின மாதிரி ஒரு குட்டிச் சத்தம், இதுவோ அடிவயிற்றிலிருந்து வருவது, மணிக்குத் துணி சுற்றி அடித்தால் எப்படிக் கேட்குமோ அப்படி, திரையைப் பார்க்காமலே சொல்வேன், கேட்ட ஒன்று கிடைக்கவில்லை என்று உள்ளே ஒருத்தி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று. பார்த்தால் அதேதான், வெள்ளைக் கட்டம், சிவப்புப் பெருக்கல் குறி, ஒன்றரை வரி இங்கிலீஷ், எட்டாவதோடு நின்றவளுக்கு அந்த ஒன்றரை வரி இன்றைக்குச் செபம் மாதிரி மனப்பாடம், கணவர் பெயர் என்கிற பாராமீட்டரை எதிர்பார்த்தேன், அது கொடுக்கப்படவில்லை. பாராமீட்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை அமலம்மா, மெஷின் கேட்கிற கேள்விக்கு நாம கொடுக்குற பதில், அவ்வளவுதான் என்று இந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதின நத்தர்ஷா தம்பி சொல்லியிருக்கிறான். பதில் கொடுக்க வேண்டியவள் என் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள், வீரசின்னம்மாள், மள்ளப்புரத்துக்காரி, எழுபது வயது, இடது கண்ணில் பாப்பா முழுக்கப் பால் கட்டியிருக்கிறது, வலதும் மங்கல், டாக்டரம்மா சீட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டார், முத்தின புரை, இன்றைக்கே அறுவை, தள்ளக் கூடாது. வேன் பதினொன்றரைக்கு. மெஷினில் ஏறி நம்பர் விழுந்தால்தான் சீட்டு, சீட்டு இருந்தால்தான் வேன். மண்டபத்துக் கடிகாரம் பத்து ஐம்பது காட்டுகிறது. கணவர் பெயர் என்ன ஆத்தா என்று நான் கேட்டபோது அது வேணாம் தாயி என்றாள், நான் வெட்கம் என்று நினைத்தேன், இந்தப் பக்கத்துப் பொம்பளைகள் புருசன் பேரைச் சொல்ல மாட்டார்கள், பின்னால் நின்ற ஏழு பேரும் உடனே ஆரம்பித்துவிட்டார்கள், “சாமி பேரா, மரத்துப் பேரா, அதையாச்சும் சொல்லுக்கா, நாங்க கண்டுபிடிச்சுக்கிறோம்” என்று ஒரே சிரிப்பு. வீரசின்னம்மாள் சிரிக்கவில்லை. “வெக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. பேரு நாக்கு நுனியில இருக்கு. சொல்ல இஷ்டமில்ல. மூணாவது புள்ளைக்குப் பேரு வைக்கையில விட்டுட்டுப் போன ஆளு, நாப்பது வருசமாச்சு. இந்தக் கண்ண வச்சுத்தான் களை எடுத்தேன், கதிரறுத்தேன், மூணையும் கரையேத்துனேன். கண்ணு என்னுது. இதுல அவன் பேரு எதுக்கு?” என்றாள்.  கண் முகாம் பொறுப்பாளர் கோதண்டம் சார் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “வழக்கம் போல கருப்பையான்னு போட்டு விடுங்க அமலம்மா” என்றார். “யாரு கருப்பையா? எனக்குக் கொழுந்தன் மொறையில ஒரு கருப்பையா இருக்கான், அவன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா வெளக்கமாத்தோட பஸ் ஏறி வருவா. பொய்ப்பேரு போட்டீன்னா இந்தா, நான் இப்பிடியே வீட்டுக்குப் போறேன்” என்று வீரசின்னம்மாள் ஸ்டூலை விட்டு எழுந்தேவிட்டாள், நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். காய்ந்த கை, சோளத்தட்டை மாதிரி, ஆனால் பிடி விடவில்லை. “சாப்பாட்டுப் பொட்டலம் வந்திருச்சான்னு பாத்துட்டு வர்றேன், அதுக்குள்ள முடிங்க” என்று சார் வாசலுக்குப் போய்விட்டார்.

கருப்பையா. அந்தப் பெயரை முதலில் யார் போட்டது என்று யோசிக்கிறேன், கோதண்டம் சார்தான், எந்த ஊர் முகாம் என்பதுதான் மறந்துபோனது, யாரோ ஒரு பொம்பளை வாய் திறக்காமல் நிற்க, மெஷின் டங் டங் என்று நிற்க, இந்த ஜில்லாவுல கல்லை விட்டா ஒரு கருப்பையா மேலதான் விழும், போடுங்க என்றார், போட்டேன், ஏற்றுக்கொண்டது, அன்றைக்கு ஆரம்பித்தது. வேறு எதையும் அந்தக் கட்டம் ஒப்புக்கொள்ளாது, புள்ளி வைத்தால் எழுத்துதான் வேண்டும் என்று சண்டை போடும், ஒரு தடவை புத்திசாலித்தனமாக ‘இல்லை’ என்றே அடித்துப் பார்த்தேன், எழுத்துதானே, வாங்கிக்கொண்டது, மறுநாள் வார்டில் நர்ஸ் பிள்ளை சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு “இல்லை சம்சாரம் காத்தம்மா யாரு, இல்லை சம்சாரம் காத்தம்மா” என்று கூவியது, காத்தம்மா அழுதுவிட்டாள், என் புருசன் செத்ததை ஊருக்கெல்லாம் இப்படியா கூவுவீங்க என்று, அதற்கப்புறம் மறுபடியும் கருப்பையாதான். ஒரு மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் தேடும் கட்டத்தில் கருப்பையா என்று போட்டுப் பார்த்தேன், முந்நூற்றுப் பன்னிரண்டு. நிஜக் கருப்பையாக்கள் ஒரு ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள், மீதி அத்தனையும் நான் கட்டி வைத்தது. சிரிப்புதான் வந்தது அன்றைக்கு. ஆடி மாதம் சிரிப்பு நின்றது. ராக்கம்மாள், கணவர் கருப்பையா, எழுமலை, வயது அறுபத்தைந்து, இது ஒருத்தி, ராக்கம்மாள், கணவர் கருப்பையா, எழுமலை, வயது அறுபத்தைந்து, இது இன்னொருத்தி, ஒருத்திக்குக் கண்ணில் வைக்க வேண்டிய லென்ஸ் பவர் இருபத்தொன்று, மற்றவளுக்கு இருபத்துநாலு. அன்றைக்கு முகாம் இல்லை, நான் பழையபடி ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன், அதுதான் என் பழைய வேலை, பதினெட்டு வருசம் ஊற்றினேன், கண்ணை மூடி வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்களைக் குரலில்தான் எனக்குத் தெரியும், காலையில் மருந்து விடும்போது ஒரு ராக்கம்மாள் ‘இந்தா வாறேன்’ என்று இழுத்துச் சொன்னாள், தொண்டையில் சளிக் கட்டு, இன்னொருத்தி வெடுக்கென்று ‘ம்’ என்பாள். ராக்கம்மா, கருப்பையா சம்சாரம், இருபத்துநாலு என்று நர்ஸ் கூப்பிட, இந்தா வாறேன் என்று சளிக்காரி எழுந்து போகிறாள், இருபத்தொன்றுக்காரி, எனக்குக் காது அடைத்துப்போய் மருந்துக் குப்பியைப் போட்டுவிட்டு ஓடினேன், உள்ளே விட மாட்டார்கள், கதவில் நின்று கத்தினேன், அந்தம்மா இல்ல, அந்தம்மா இல்ல. டாக்டரம்மா கை நின்றது. நல்லவேளை என்று கோதண்டம் சார் நெஞ்சைத் தடவிக்கொண்டார், அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா, ஒரு நாள் கருப்பையா, ஒரு நாள் மாயாண்டி, மாற்றி மாற்றிப் போடுங்க. இன்று கருப்பையா முறை. நத்தர்ஷாவுக்கு இது ஒன்றுமே தெரியாது, தெரிய வழியில்லை, நாங்கள் கருப்பையாவைக் கொடுத்து டங்கை அடக்கிவிட்டால் அவனுக்கு யார் சொல்வார்கள், வலிக்கிற இடத்தில் துணி கட்டிவிட்டு நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் வைத்தியருக்கு எப்படித் தெரியும், அவன் மஸ்கட்டுக்குப் போய் இரண்டு வருசம் ஆகிறது, இப்போது அங்கே ஒன்பது இருபது, வேலையில் இருப்பான், இருந்தாலும் அடித்துப் பார்த்தேன், போன் அணைந்திருக்கிறது. “என்னாச்சு தாயி?” என்கிறாள் வீரசின்னம்மாள். “ஒண்ணுமில்ல ஆத்தா, கொஞ்சம் பொறு.” பத்து ஐம்பத்து மூன்று.

திறந்து பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு வருகிறது. இந்த லேப்டாப்பிலேயே அவன் வைத்துவிட்டுத்தான் போனான், மெஷினுக்கு உள்ளே இருக்கிற எழுத்து முழுக்க, கடைசி மஞ்சள் பெட்டியில், போல்டர் என்பான் அதை, “நீங்க திறக்கலாம், பாக்கலாம் அமலம்மா, மாத்தணும்னா மட்டும் முதல்ல பெட்டியோட ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு மாத்துங்க” என்று சொன்னான், கேலிக்குத்தான் சொன்னான், சொல்லும்போது சிரித்தான், இவள் எங்கே மாற்றப்போகிறாள் என்று. ஆனால் நான் கேட்டிருக்கிறேனே தம்பி. நீ உட்கார்ந்து அடிக்கும்போதெல்லாம் பக்கத்துப் பெஞ்சில் நான் சொட்டு மருந்தோடு இருந்தேன், உனக்கு வாய் சும்மா இருக்காது, அடிப்பதை எல்லாம் முனகிக்கொண்டே அடிப்பாய், பாராமீட்டர்ஸ் டாட் ஆட், அட் பேர், பேர், பாராமீட்டர்ஸ் டாட் ஆட், அட் வயசு, வயசு, எங்கள் கோயிலில் மன்றாட்டு மாலை சொல்கிற மாதிரி, ஒருத்தர் ஒரு புனிதரைக் கூப்பிட மற்றவர்கள் பதில் சொல்ல, கூப்பிடு பதில், கூப்பிடு பதில், எனக்கு அர்த்தம் தெரியாது, ராகம் தெரியும், வீட்டில் கீரை ஆயும்போது அது வாயில் வரும், பாராமீட்டர்ஸ் டாட் ஆட், என் தங்கச்சி மகள் கூட என்ன பெரியம்மா புதுசா ஒரு பாட்டு என்று கேட்டாள். தட்டச்சு எனக்கு முன்பே வரும், கன்னியர் மடத்தில் தையலோடு அதையும் சொல்லிக் கொடுத்தார்கள், தையல் வரவில்லை, இது வந்தது. பதிவு எழுதிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போனதும் யாரை உட்கார வைப்பது என்று தேடினார்கள், நான் உட்கார்ந்தேன், சொட்டு ஊத்துற அம்மாவுக்குக் கம்ப்யூட்டரா என்று கோதண்டம் சாரே நாலு பேர் முன்னால் கேட்டார், அது இன்னும் காதில் இருக்கிறது, ஊற்றினது ஊறிப்போச்சு. திறந்தால் என்ன ஆகும், ஒரு எழுத்து மாறினால் மொத்தமும் நின்றுபோகும், இந்த ஒருத்தியோடு போகாது, பின்னால் நிற்கிற ஏழு பேரும் போய்விடுவார்கள், எட்டுக் கண், எட்டு பேர் பஸ்ஸுக்குக் காசும் கொடுத்து வீட்டில் சண்டையும் போட்டு வந்திருக்கிறார்கள், எட்டாங்கிளாஸ்காரி கையை வைத்தாள் எல்லாம் போச்சு என்று ஒரு பேச்சு வரும், வந்து நிற்கும். கருப்பையா என்று ஐந்து எழுத்து, அடித்தால் முடிந்தது. இவளுக்குப் படிக்கத் தெரியாது, கண்ணும் தெரியாது, சீட்டில் என்ன இருக்கிறது என்று யார் சொல்லப்போகிறார்கள். வார்டில் கூவுவார்கள். கருப்பையா சம்சாரம் வீரசின்னம்மா என்று கூவுவார்கள், அப்போது இவள் எழுந்திருக்க மாட்டாள், எனக்குத் தெரியும், கண்ணில் கட்டோடு படுக்கையில் உட்கார்ந்துகொண்டு நான் இல்லை என்பாள், இந்தக் குரல் அப்படிப்பட்ட குரல். மஞ்சள் பெட்டியைத் தேடினேன். முதலில் காப்பி. காப்பி எடுக்கும்போது பச்சைக் கோடு நகர்ந்து நகர்ந்து போகிறது, அதோடு என் மூச்சும்.

திறந்துவிட்டேன். எறும்பு வரிசை மாதிரி எழுத்து, மேலே கீழே எங்கே பார்த்தாலும், ஒரு நிமிஷம் கண் இருண்டது, அப்புறம் கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டேன், உதட்டுக்குள்ளே நத்தர்ஷா முனகலை முனகினேன், பாராமீட்டர்ஸ் டாட் ஆட், அட் பேர், பேர், ஆமாம் இந்த இடம்தான், அட் வயசு, வயசு, அட் ஊர், ஊர், அட் போன். போன் வரியில் அவன் நிற்பான். நின்று ‘ச்சு’ என்று ஒரு சத்தம் போட்டு மூச்சு விட்டு நீளமாக ஒன்று சொல்வான், அந்த ‘ச்சு’ எங்கே வந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது, கடமலைக்குண்டு முகாம், போன் இல்லாத பெரியவர் ஒருத்தர், போன் நம்பர் கேட்டதற்கு எனக்கு எதுக்குய்யா போனு, கூப்பிட்டா காது கேக்காது என்றார், அன்றைக்கும் இதே டங், நத்தர்ஷா மடியிலேயே மெஷினை வைத்து ச்சு என்று சொல்லிப் போன் வரிக்கு ஒரு வால் வைத்தான், அதற்கப்புறம் போன் இல்லாத யாருக்கும் டங் வந்ததே இல்லை. இந்தா இருக்கிறது போன் வரி, போன் நத்திங் என்றால் டிபிநல் டாட் வேல்யூ, இல்லாவிட்டால் போன். அதற்குக் கீழே கணவர் வரி, அட் கணவர், கணவர், முடிந்தது. குட்டை. வால் இல்லை. இரண்டு வரியும் பக்கத்துப் பக்கத்தில், ஒன்று நீளம் ஒன்று குட்டை, கல்யாணமான பொம்பளைக்குப் புருசன் பேர் இல்லாமல் போகும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவே இல்லை, போன் இல்லாத ஆளைக் கண்டான், இதைக் காணவில்லை, அவனைச் சொல்லி என்ன, எனக்கே இத்தனை வருசம் தோன்றவில்லை. நத்திங் என்றால் ஒன்றுமில்லை, அது தெரியும், டிபிநல் என்றாலும் ஒன்றுமில்லைதானே தம்பி என்று அன்றைக்குக் கேட்டேன், அவன் ஸ்கூலில் ஆஜர் எடுப்பாங்கல்ல அமலம்மா என்று ஆரம்பித்தான், அதற்குள் யாரோ கூப்பிட எழுந்து போய்விட்டான், மீதியை நான்தான் யோசித்துக்கொண்டேன். ஆஜர் எடுப்பார் டீச்சர், பேர் கூப்பிட்டால் உள்ளேன் என்போம், வராத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை எழுந்து வரலை டீச்சர் என்று சொல்லும், டீச்சர் ஆப்சென்ட் என்று ஒரு ஏ போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போவார், யாருமே வாய் திறக்காவிட்டால்தான் நிற்பார், மறுபடி கூப்பிடுவார், மறுபடி, வகுப்பே நிற்கும். எட்டாவது முடிகிற சமயம் என் அப்பா என்னை நிறுத்திவிட்டார், தம்பியைப் பார்த்துக்கொள்ள, அமலோற்பவம் என்று சிஸ்டர் ஒரு வாரம் கூப்பிட்டாராம், யாரும் பதில் சொல்லவில்லையாம், வரமாட்டாள் என்று சொல்ல ஒரு பிள்ளைக்கும் வாய் வரவில்லையாம், ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் ஆஜர் நிற்குமாம், சகாயம்தான் சொன்னாள் பின்னால், அவள் என் பெஞ்சு. அதுதான் இது. மெஷின் கணவர் என்று கூப்பிடுகிறது, யாரும் பதில் சொல்லவில்லை, நிற்கிறது. அதற்குப் புருசன் வேண்டாம், கருப்பையாவும் வேண்டாம், எழுந்து நின்று வரலை என்று ஒரு வாய் வேண்டும். சரி. போன் வரியைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறேன், கணவர் நத்திங் என்றால், அடைப்பு திற, டிபிநல் டாட் வேல்யூ, கமா, கணவர், அடைப்பு மூடு, மூடு, இரண்டு மூடு வேண்டும், போன் வரியிலும் இரண்டு, எண்ணிப் பார்த்தேன், விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன். மணி பதினொன்று இரண்டு. அருளப்பன். திடீரென்று அந்தப் பெயர் ஏன் வருகிறது, கணவர் கணவர் என்று அடித்ததாலா, என் வீட்டுக்காரர், தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை, நாற்பது வருசத்தில் அந்தப் பெயரை நான் அவர் காதுபடச் சொன்னதே இல்லை, ஒரே ஒரு தடவை கூப்பிடு பாப்போம் என்பார், ராத்திரிச் சோற்றை வைத்துக்கொண்டு, கூப்பிடு அமலு, நான் சிரித்துக்கொண்டே போய்விடுவேன், கடைசியில் பெரியாஸ்பத்திரிக் கவுண்டரில் கேட்டார்கள், பேஷண்ட் பேர், அருளப்பன் என்றேன், என் குரலா அது, யாரோ வேற்றாள் பேரைச் சொன்ன மாதிரி இருந்தது, அவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார், கேட்டிருப்பாரா, கேட்டிருந்தால் சிரித்திருப்பார். நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒரு மாதிரி, இவள் சொல்லாமல் வைத்திருப்பது வேறு மாதிரி, கட்டம் என்னவோ ஒரே கட்டம். சரி, சரி, இப்போது வேண்டாம் அது. பச்சை முக்கோணத்தை அமுக்கினால் புரோகிராமைப் புதிதாகக் கட்டும். அமுக்கவா. கை அமுக்கிவிட்டது.

சுற்றுகிறது. மெஷின் காற்றாடி உள்ளே சத்தம் ஏறுகிறது, சுற்றுகிறது, பின்னால் நிற்கிற பொம்பளை நான் டீ கூடக் குடிக்கலக்கா என்கிறாள் யாரிடமோ, கீழே கட்டத்தில் பிழை எத்தனை என்று எழுதும் இடம், நத்தர்ஷா அதைத்தான் முதலில் பார்ப்பான், பூஜ்யம். பூஜ்யம் அமலம்மா பூஜ்யம் என்று துள்ளுவான். பூஜ்யம் என்றிருக்கிறது. ஆனால் இது கட்டுவதில் பூஜ்யம், ஓட்டுவதில் எப்படியோ, பதிவெல்லாம் போய்ச் சேருகிற டேபிளில் அந்தக் கட்டத்துக்கு வெறுமையாக இருக்கலாம் என்று டிக் போட்டிருக்கிறானா, போனுக்குப் போட்டான், நான் பார்த்தேன், கணவருக்குப் போட்டானா, போடாவிட்டால் வேறு டங் வரும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. முகாம் பக்கம் திறந்துவிட்டது, அதே நீலம், அதே பூங்கொத்துப் படம். முதலிலிருந்து அடிக்கிறேன். “பேரு சொல்லு ஆத்தா.” “எத்தன தடவ தாயி, வீரசின்னம்மா.” “வயசு?” “எழுவது போட்டுக்க.” “ஊரு மள்ளப்புரம். போனு?” “மக வீட்டுல இருக்கு, நம்பரு தெரியாது.” “கல்யாணம் ஆயிருச்சுல்ல? ஆகலன்னு போட்டா அந்தக் கட்டமே மூடிக்கும்.” “ஆச்சே. ஆனத ஆகலன்னு எப்பிடிச் சொல்றது, மூணு புள்ள நிக்கிதே.” பொய் ஒன்றும் நுழையாது இவளிடம். கணவர் பெயர், அங்கே வந்து கர்சர் துடித்துக்கொண்டு நிற்கிறது, துடிக்கிறது, துடிக்கிறது, நான் ஒன்றும் அடிக்கவில்லை, தாண்டிப் போனேன். இடது கண். முத்தின புரை. சேமி என்கிற பொத்தான். அர்ச்சிஷ்ட லூசியம்மாவே, கண்ணுக்கு நீதானே, என்று சொல்லி அமுக்கினேன், கண்ணை மூடிக்கொண்டேன், காதைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒன்று. இரண்டு. டங் வரவில்லை. மூன்று. பிரிண்டர் தொண்டையைச் செருமியது. கிர்ர் கிர்ர் என்று தாளை இழுத்தது. என் வாழ்நாளில் இதைப் போல ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை, ஈஸ்டர் மணிக்குக் கூட இந்த ருசி இல்லை. சீட்டை எடுத்தேன், எண் நாலாயிரத்து நூற்றுப் பதினேழு, வீரசின்னம்மாள், கணவர் பெயர், அதற்கு நேரே வெள்ளைத் தாள். வெறும் வெள்ளை. கோதண்டம் சார் கையில் பொட்டலத்தோடு வந்து நிற்கிறார். “கருப்பையா போட்டாச்சா?” “இல்ல சார், கருப்பையா வேலைய விட்டுப் போயிட்டாரு.” சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். “இது எப்பிடி ஏத்துக்கிச்சு? நத்தர்ஷா போன் எடுத்தானா?” “எடுக்கல.” “பின்ன யாரு சரி பண்ணுனது?” நான் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தேன், துடைக்க வேண்டியதில்லை, சுத்தமாகத்தான் இருந்தது. “சொட்டு ஊத்துற அம்மாதான் சார்.” அவர் கையில் இருந்த முதல் பொட்டலத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார், அது நோயாளிகளுக்கு வந்த பொட்டலம், இதுவரை எனக்குக் கொடுத்ததில்லை. வீரசின்னம்மாள் சீட்டைக் கண்ணுக்கு ஒட்ட வைத்துப் பார்க்கிறாள், ஒன்றும் தெரியாது, விரலால் தடவுகிறாள். “அவன் பேரு இருக்குற எடத்துல என்ன போட்டிருக்க?” நான் அவள் விரலைப் பிடித்து அந்த வெள்ளையில் வைத்தேன். “ஆளு இல்லன்னு சொல்லிட்டேன் ஆத்தா. அது சரின்னுருச்சு.” “ம்” என்றாள். விரலை எடுக்கவில்லை. பிறகு சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு யார் கையையும் பிடிக்காமல், நாற்காலிகளைத் தட்டித் தடவி, வேனுக்கு நடந்தாள், முதுகு நேராக இருந்தது. இன்னும் அந்தப் பழைய கருப்பையா சம்சாரங்கள் இருக்கிறார்கள், ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டு அவிழ்த்துவிட வேண்டும், விடுவேன், திங்கட்கிழமையிலிருந்து. பதினொன்று பன்னிரண்டு, இன்னும் ஏழு பேர். அடுத்தவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள், வெற்றிலை வாய், அழகம்மாள் என்று பேர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள். “கணவர் பெயர்?” என்றேன். “எனக்கும் அந்தக்காவுக்குப் போட்ட மாதிரியே போட்டுரு தாயி” என்றாள், வரிசையே கொல்லென்று சிரித்தது. “உன் வீட்டுக்காரரு எங்க?” “அந்தா, காத்தாடிக்குக் கீழ ஒக்காந்து தூங்குது பாரு.” “இருக்கிறவர எப்பிடி ஆத்தா இல்லன்னு சொல்றது? மெஷினுகிட்ட பொய் சொல்ல மாட்டேன்.” அழகம்மாள் என்னைப் பார்த்தாள், பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள், வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளினாள், கழுத்தெல்லாம் சிவந்துபோனது, பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, ஐம்பது வருசத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னாள், “சோணைமுத்து!” காற்றாடிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த மனுசன் திடுக்கிட்டு, தோள் துண்டு நழுவ எழுந்து நின்று, “இந்தா இருக்கேன்” என்றார். அடித்தேன். சேமித்தேன். டங் வரவில்லை.